சாவி மாமாவின் சட்டைப் பையில்: ஒரே காரோடு எங்கள் வீட்டின் இரண்டு ஆண்டுகள்

சென்னைப் புறநகரான சேலையூரில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். மாமனாருக்கு 74 வயது, மாமியாருக்கு 69. கணவருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. நான் மேடவாக்கத்தில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மகள் இந்தக் கதை தொடங்கும்போது ஒன்பதாம் வகுப்பு. 2023 டிசம்பர் வரை வாசலில் இரண்டு கார்கள் நின்றன. பெரியது 2019இல் வாங்கியது, கணவர் ஓட்டுவார். சிறியது 2012ஆம் ஆண்டு மாடல், 1,000 சிசிக்குக் குறைந்த எஞ்சின், என்னுடையது. ஒரு ஸ்கூட்டரும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு பொய்யாகிவிடும். நம் ஊரில் "ஒரே கார் வைத்துச் சமாளிக்கிறோம்" என்று சொல்லும் பெரும்பாலான வீடுகளில் பாதிச் சுமையைச் சுமப்பது ஒரு ஸ்கூட்டர்தான்.

மாமாவுக்கு 2023 ஆகஸ்டில் டயாலிசிஸ் தொடங்கியது. வாரத்தில் செவ்வாய், வெள்ளி, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். மருத்துவமனை குரோம்பேட்டையில், வீட்டிலிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர். அப்போது அவருக்குக் கிடைத்த இடம் பகல் 12.30 முதல் 4.30 வரை. அந்த இரண்டு நாட்களிலும் நான் காலை 8.30க்கே அலுவலகம் போய், பன்னிரண்டு மணிக்குள் சிறிய காரில் வீடு திரும்பி, மாமாவையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு போவேன். அரை நாள் சம்பளம் போகும். அதைப் பற்றி யாரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

டிசம்பர் 2023

மிக்ஜாம் புயல் மழை 3ஆம் தேதி ஞாயிறு பிடித்து 4ஆம் தேதி முழுவதும் கொட்டியது. கணவர் ஓர் உறவினர் திருமணத்துக்காக வெளியூர் போயிருந்தார். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குத் தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்தி. கார்கள் இரண்டு. விலை கூடியதை முதலில் காப்பாற்றுவோம் என்று பெரிய காரை எடுத்துக்கொண்டு போய், மேட்டில் இருக்கும் என் சித்தி வீட்டு வாசலில் நிறுத்தினேன். அங்கிருந்து நடந்து திரும்புவதற்குள் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். சிறிய காரின் கதவுக்கு அடிப்பக்கம் முழுவதும் மூழ்கியிருந்தது. விடிகாலையில் பார்த்தபோது ஸ்டீயரிங்கின் கீழ்ப்பகுதி வரை சேற்றுக் கோடு.

அந்தக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான் போட்டிருந்தோம். 1,000 சிசி வரையுள்ள காருக்கு அதன் பிரீமியம் அப்போது 2,094 ரூபாய், வரி தனி. பழைய வண்டிதானே என்று பலரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். அந்தக் காப்பீடு நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்குத்தான். வெள்ளத்தில் நம் வண்டிக்கு என்ன ஆனாலும் அதில் ஒரு ரூபாய் கிடைக்காது. மெக்கானிக் எஞ்சினையும் வயரிங்கையும் பார்த்துவிட்டுச் சொன்ன செலவு, வண்டியின் விலையைத் தாண்டியது. ஜனவரியில் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டோம்.

வெள்ளத்தில் நனைந்த காரை விற்கப் போகிறவர்களுக்காக ஒன்று. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். வாங்கியவர் பெயர் மாற்றாமலேயே வைத்திருந்தார். ஏப்ரலில் என் கைபேசிக்கு அபராதச் செய்தி வந்தது. நான் ஓட்டாத காருக்கு, நான் போகாத சாலையில். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் யாருக்கு இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கணக்கு எழுதிப் பிழைக்கும் நானே இதைத் தவறவிட்டேன். வண்டியை ஒப்படைத்த நாளையும் நேரத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாறியதை நீங்களே இணையத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

யாருடைய கார் மூழ்கியது?

இந்த ஆய்வில் நான் சொல்ல வந்தது இந்த இடத்தில்தான் இருக்கிறது. மூழ்கியது "என்" கார். ஆகவே இல்லாமல் போனது என் வசதி. கணவரின் கார் கணவருடையதாகவே இருந்தது. டிசம்பர் 7ஆம் தேதி காலையில் அவர் வழக்கம்போல் சாவியை எடுத்துக்கொண்டு கிண்டிக்குக் கிளம்பினார். நான் வழக்கமில்லாத பஸ்ஸுக்குக் கிளம்பினேன். இதை யாரும் முடிவு செய்யவில்லை, அதனால் யாருக்கும் கேள்வியும் எழவில்லை. அவர் கெட்டவர் அல்லர். தன் அப்பாவை உயிராக நினைக்கிறவர். ஆனால் வீட்டில் மிஞ்சிய ஒரே கார் தினமும் ஒரே ஆளை ஏற்றிக்கொண்டு போய் ஒன்பது மணி நேரம் தொழிற்பேட்டை நிழலில் நின்றது. அதே நேரத்தில் டயாலிசிஸ் முடித்த, எழுபதைக் கடந்த மனிதர் மருத்துவமனை வாசலில் டாக்சிக்குக் காத்திருந்தார்.

மேடவாக்கத்துக்கு எனக்குப் பஸ் பெரிய சிரமமாக இல்லை. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையிலேயே வீடும் அலுவலகமும் இருக்கின்றன. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கூட்டம்தான். காலை எட்டு மணிக்குச் சேலையூர் நிறுத்தத்தில் படியில் கால் வைக்கவே முழங்கையால் வழி செய்ய வேண்டும். அது பழகிவிட்டது.

பழகாதது டயாலிசிஸ் நாட்கள். டிசம்பர் 5 செவ்வாயன்று தண்ணீரில் போகவே முடியாமல் மறுநாள் போனோம். பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் கணவரே ஓட்டினார். அவை போக ஜனவரி 19 வரை 12 அமர்வுகளுக்கு 24 பயணங்கள், கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் கால் டாக்சியில். போகும்போது தொந்தரவில்லை, மதியம் வண்டி கிடைத்துவிடும். திரும்பும் நேரம் நாலே முக்கால். பள்ளி வேன்களும் கம்பெனி பஸ்களும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையை நிறைக்கும் நேரம். ஆறு கிலோமீட்டர் சவாரியை அப்போது எந்த ஓட்டுநரும் விரும்புவதில்லை. ஒப்புக்கொள்வார், ஐந்து நிமிடம் கழித்து ரத்து செய்வார்.

டயாலிசிஸ் முடிந்து வருகிறவர் எப்படி இருப்பார் என்பதை அருகில் இருந்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நான்கு மணி நேரத்தில் உடலிலிருந்து இரண்டு, இரண்டரை லிட்டர் நீரை எடுத்துவிடுகிறார்கள். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இடது முன்கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அறுவை சிகிச்சையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பை தூக்கக் கூடாது, அதன் மேல் எதுவும் அழுத்தக் கூடாது. அடைத்துக்கொண்டால் மறுபடி அறுவை சிகிச்சை செய்ய நேரலாம்.

ஜனவரி 19 வெள்ளிக்கிழமை நான்கு வண்டிகள் ரத்தாயின. ஐம்பது நிமிடம். மாமா பெஞ்சில் சாய்ந்திருந்தார், உதடு வெளுத்திருந்தது. அத்தை தன் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தினேன். உள்ளே ஏற்கெனவே நான்கு பேர். பல்லாவரத்தில் ஏறிய ஒருவரின் முழங்கை வழி முழுவதும் மாமாவின் இடது கைப்பக்கம் இடித்துக்கொண்டே வந்தது. தாம்பரத்தில் இறங்கி இன்னோர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் மாமா தண்ணீர்கூடக் கேட்கவில்லை. வலது கை விரல்களை இடது முன்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஃபிஸ்டுலா நன்றாக ஓடினால் அங்கே ஒரு துடிப்பு இருக்கும், வண்டு முரலுவதுபோல் விரலில் தெரியும். அரை நிமிடம் தேடினார்.

"இருக்கிறதம்மா" என்றார்.

அன்று இரவு கணவர் எட்டு மணிக்கு வந்து, காரை உள்ளே விட்டு, கேட்டைச் சாத்தினார். நான் எதுவும் சொல்லவில்லை. மகள் சொல்லிவிட்டாள்: "அப்பா, தாத்தா இன்றைக்கு ஷேர் ஆட்டோவில் வந்தார்."

நோட்டுப் புத்தகம்

கணவரின் முதல் பதில், இன்னொரு கார் வாங்கிவிடலாம் என்பதுதான். அன்பில் சொன்னது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆறு லட்சம் ரூபாய் கடன், ஏழு ஆண்டுகள், 9.5 சதவீத வட்டி என்று போட்டுப் பார்த்தேன். மாதத் தவணை சுமார் 9,800 ரூபாய். முடிவில் கட்டியிருப்பது எட்டே கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. காப்பீட்டுக் கணக்கில் வண்டியின் மதிப்பு ஐந்தாம் ஆண்டிலேயே பாதியாகிவிடும், கடன் அப்போது இரண்டு ஆண்டுக்கு மேல் பாக்கி இருக்கும். மாமாவின் மருத்துவச் செலவு இருக்கும் வீட்டில் அது விளையாட்டில்லை.

வாங்குவதற்கு முன் எண்ணுவோம் என்று கேட்டேன். ஜனவரி 22 திங்கள் முதல் எட்டு வாரம், அதாவது 56 நாட்கள், ஃபிரிட்ஜின் மேல் ஒரு நோட்டு. வீட்டிலிருந்து யார், எப்போது, எதற்கு, எதில் போனார்கள் என்று ஒரு வரி. மகள்தான் மிகவும் ஒழுங்காக எழுதினாள். மாமா தன் கையெழுத்தில் "டயாலிசிஸ், வேண்டா வெறுப்பாக" என்று ஒருநாள் எழுதியிருந்தார். அந்த எட்டு வாரமும் செவ்வாய், வெள்ளியில் கணவர் நாலரைக்கே அனுமதி கேட்டுக் கிளம்பி மருத்துவமனைக்கு வந்தார். பல நாள் ஐந்தரை ஆனது. ஆனாலும் வந்தார்.

எண்ணிப் பார்த்ததில் வந்த முடிவு என்னையே வியக்க வைத்தது. ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் கார் தேவைப்பட்டது மொத்தம் 23 தடவை. அவற்றில் 16 டயாலிசிஸ். மீதி ஏழில் மூன்று கல்யாணம், காதுகுத்து போன்ற விசேஷங்கள். இரண்டு, அத்தையின் கண்புரைப் பரிசோதனை. விமான நிலையத்துக்கு ஒரு தடவை, மகளின் பள்ளி ஆண்டு விழா ஒன்று. இந்த ஏழையும் தேதி மாற்றியோ, டாக்சியிலோ, ஸ்கூட்டரிலோ முடித்திருக்கலாம், முடித்தும் இருந்தோம். டாக்சி வராவிட்டால் ஆண்டு விழாவுக்குப் பத்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கத்தில் கணவரின் கிண்டிப் பயணம் 38 நாட்கள். மருத்துவமனைக்கு வந்த மாலைகளைத் தவிர, 38 நாளிலும் காரில் ஒரே ஆள். வழியில் அவர் யாரையும் ஏற்றவில்லை, எதையும் தூக்கிச் செல்லவில்லை. காலையில் சராசரியாக ஒரு மணி ஐந்து நிமிடம். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் அரை மணிக்கும் குறைவு.

நோட்டைப் பார்த்துவிட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டது எனக்கு நினைவிருக்கிறது: "நான் பாட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறேனே, நீயாவது கேட்டிருக்கலாமே?" நான் கேட்கவில்லை என்பது உண்மை. அதிக சம்பளம் வாங்குகிறவருக்கு, அதிக தூரம் போகிறவருக்குக் கார் என்று நானும்தான் நினைத்திருந்தேன். ஒற்றைக் கார் வீடுகளில் இந்த எண்ணம் பேசாமலேயே சட்டமாகிவிடுகிறது. நான் பார்த்தவரை பெரும்பாலும் அதில் இழப்பவர்கள் வீட்டுப் பெண்களும் அவர்கள் கையைப் பிடித்து நடக்கும் முதியவர்களும் குழந்தைகளும்தான். தூரத்தை மட்டும் அளந்தால் கிண்டி 17 கிலோமீட்டர், மருத்துவமனை ஆறு. ஆனால் அந்த ஆறு கிலோமீட்டரை மாமாவால் வேறு எந்த வழியிலும் பத்திரமாகக் கடக்க முடியாது. 17 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் இருக்கிறது, 1931 முதல் மின்சாரத்தில் ஓடுகிறது.

மாற்றம்

ரயிலுக்கு மாறுவது கணவருக்கு எளிதாக இருக்கவில்லை. காரை விட்டு இறங்குவதை அலுவலகத்தில் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்ற கூச்சம் இருந்தது. சட்டை கசங்கும், வியர்க்கும் என்றார். முதல் வாரம் இரண்டு நாள் ஏறவே முடியாமல் வண்டியை விட்டார். ஸ்கூட்டரைக் கிழக்குத் தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் போக, கேம்ப் ரோடு நெரிசலைக் கணக்கிட்டு வீட்டிலிருந்து பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும் என்பது மூன்றாவது வாரம்தான் புரிந்தது. தாம்பரத்திலேயே புறப்படும் ரயிலாகப் பார்த்து ஏறினால் உட்கார இடம் கிடைக்கும் என்பதும் அப்படித்தான். இப்போது மாத சீசன் டிக்கெட். அதன் விலை மூன்று லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவு. 2025 ஏப்ரலில் இந்தத் தடத்தில் குளிர்சாதன ரயில் வந்தது. மே மாத வெயிலில் சில நாள் அதில் போனார், கட்டணம் கூடுதல் என்பதால் வழக்கமாக்கவில்லை.

மார்ச் கடைசியில் மருத்துவமனையில் காலை இடம் ஒன்று காலியானது: 6.30 முதல் 10.30. எல்லாம் பொருந்தியது அதற்குப் பிறகுதான். செவ்வாய், வெள்ளி காலை 5.50க்கு மாமாவையும் அத்தையையும் பெரிய காரில் கணவர் அழைத்துப் போகிறார். அந்நேரத்தில் சாலை காலி, பதினைந்து நிமிடம். மாமாவைப் படுக்கையில் படுக்க வைத்துவிட்டு, காரை மருத்துவமனையிலேயே நிறுத்திவிட்டு, குரோம்பேட்டை ரயில் நிலையத்துக்கு நடந்து போய் ரயில் ஏறிவிடுகிறார். அந்த இரண்டு நாளும் அலுவலகத்தில் ஏழரைக்கே தொடங்கி நாலரைக்கு முடிக்க அனுமதி வாங்கியிருக்கிறார். கார் நோயாளியோடு மருத்துவமனையிலேயே இருக்கிறது. சாவி மாமாவின் சட்டைப் பையில்.

10.30க்கு ஆக்டிங் டிரைவர், அதாவது தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் கூலிக்கு வந்து நம் காரை ஓட்டுபவர், வருகிறார். ஐம்பதைக் கடந்தவர், முன்பு பள்ளி வேன் ஓட்டியவர், குரோம்பேட்டைப் பக்கத்திலேயே வீடு. மாமாவையும் அத்தையையும் வீட்டில் இறக்கி, காரை உள்ளே விட்டு, பஸ்ஸில் திரும்பிவிடுவார். ஒரு தடவைக்கு 400 ரூபாய். இந்த ஏற்பாட்டை யோசித்தபோது முதலில் பயந்தது காப்பீட்டுக்காகத்தான். பெரிய காருக்கு முழுக் காப்பீடு இருக்கிறது. உரிமையாளரின் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் உரிமம் வைத்திருப்பவர் யார் ஓட்டினாலும் அது பொருந்தும். கூலிக்கு ஓட்டுபவருக்கு விபத்தில் ஏதாவது நேர்ந்தால் நமக்குச் சட்டப் பொறுப்பு உண்டு. அதற்கான கூடுதல் பாதுகாப்பு ஆண்டுக்கு ஐம்பது ரூபாய்தான். புதுப்பிக்கும்போது கேட்டுச் சேர்க்க வேண்டும், தானாக வராது. அவருடைய உரிமத்தின் நகலை வாங்கி, தேதி முடியும் நாளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த மனிதர் முதல் நாளே செய்த ஒரு காரியம் எங்களுக்கு யாருக்கும் தோன்றாதது. முன் இருக்கையைச் சற்றுச் சாய்த்து, மாமாவை உட்கார வைத்து, அவருடைய இடது கைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு துண்டை நான்காக மடித்து வைத்தார். வேகத்தடையில் வண்டி குலுங்கும்போது கை கதவில் இடிக்காது. "எங்கள் அம்மாவுக்கும் இதே கைதான் ஐயா" என்றாராம். அந்தத் துண்டு இப்போதும் காரிலேயே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை துவைத்து மறுபடி வைக்கிறோம்.

பணத்தைப் பொறுத்தவரை, ஒரே கார் என்றால் பணம் கொட்டும் என்று யாரும் நம்ப வேண்டாம். டிரைவருக்கு மாதம் சுமார் 3,600. கிண்டிக்குப் போய் வந்த பெட்ரோல் மாதம் ஐயாயிரத்துக்குச் சற்று மேல், அது நின்றது. சீசன் டிக்கெட், ஸ்கூட்டர் பெட்ரோல், வண்டி நிறுத்தக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கழித்தால் கையில் மிஞ்சுவது சொற்பம். உண்மையான லாபம் இரண்டு இடத்தில். கட்டாமல் விட்ட 9,800 ரூபாய்த் தவணை ஒன்று. எனக்கு மாதந்தோறும் திரும்பிக் கிடைத்த எட்டு, ஒன்பது அரை நாட்கள் மற்றொன்று. இப்போது செவ்வாய், வெள்ளியிலும் நான் முழு நாள் வேலை செய்கிறேன்.

தவறிய நாட்கள்

2024 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, 5.50க்குச் சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி செத்திருந்தது. முன்பு தினமும் 34 கிலோமீட்டர் ஓடிய கார், இப்போது வாரத்தில் நாலைந்து நாள் சும்மா நிற்கிறது. ஓடும் நாளிலும் ஆறு கிலோமீட்டர் ஓடி நின்றுவிட்டால் பேட்டரிக்கு ஏற்றம் போதாது. மூடியைத் திறந்தால் ஒரு வயரில் எலி கடித்த தடமும் இருந்தது. ஒற்றைக் கார் வீட்டின் பலவீனம் அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. அது கிளம்பாத நாளில் வீட்டில் வேறு எதுவும் இல்லை. டயாலிசிஸைத் தள்ளிப்போட்டால் உடலில் நீரும் பொட்டாசியமும் ஏறும். மாமாவுக்கு ஒரு நாள் தள்ளினாலே மூச்சு வாங்கும். எதிர் வீட்டுக்காரரை அந்த நேரத்தில் எழுப்பினோம். லுங்கியோடு வந்து அவர் காரில் கொண்டு போய் விட்டார். அதன் பிறகு ஃபிரிட்ஜ் கதவில் மூன்று எண்கள் ஒட்டியிருக்கின்றன: எதிர் வீடு, பழகிய ஓர் ஆட்டோக்காரர், என் சித்தி மகன். எதிர் வீட்டுக்காரரிடம் பாதி ராத்திரியில் முதன்முறையாகப் போய் நிற்காமல், முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்கியிருக்கிறோம். பேட்டரி புதிது. ஞாயிறு காலை யாராவது ஒருவர் வண்டலூர் வரை ஓட்டிவிட்டு வருவது வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிட்டது. வண்டியைச் சர்வீஸுக்கு விடுவது புதன்கிழமை மட்டும்.

மழை விஷயத்தில் ஒற்றைக் கார் எங்களைக் காப்பாற்றியது. 2024 அக்டோபர் 15 செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய நாளே கனமழை எச்சரிக்கை, நான்கு மாவட்டங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை. வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் திங்கட்கிழமை காலையிலேயே மருத்துவமனையில் கேட்டு, அன்று மாலையே ஓர் இடம் வாங்கி டயாலிசிஸை முடித்துவிட்டோம். திரும்பியதும் காரைச் சித்தி வீட்டு மேட்டில் விட்டேன். ஒரே கார், ஒரே தடவை. 2023 டிசம்பர் மூன்றாம் தேதி இரவு எதைக் காப்பாற்றுவது என்று ஏறும் தண்ணீரில் நின்று யோசித்தது நினைவுக்கு வந்தது.

மகளிடம்தான் இந்த ஏற்பாடு கடன் வாங்கியிருக்கிறது என்று எனக்கு உறுத்தல் உண்டு. பத்தாம் வகுப்பில் டியூஷனுக்குச் சைக்கிளில் போனாள். இருட்டிய பிறகு திரும்பும் வழியில் நாய்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னாள். தாத்தாவுக்காக என்று நினைத்துச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். வீட்டில் நோயாளி இருந்தால் மற்றவர்கள் தங்கள் தேவையைச் சொல்லவே கூச்சப்படுவார்கள் என்பது எங்கள் நோட்டில் பதிவாகவில்லை. கேட்டால்தானே எழுதுவார்கள்? அதன்பின் ஞாயிறு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து பேரும் அடுத்த வாரத்துக்கு யாருக்கு எங்கே போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்கிறோம். முதலில் சிறியவள், கடைசியில் கணவர். டியூஷனிலிருந்து அழைத்து வருவது நானோ கணவரோ, ஸ்கூட்டரில்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தபோது வீட்டில் மறுபடி பேச்சு எழுந்தது. விலைப் பட்டியல்கூட வாங்கி வந்தார் கணவர். எட்டு வாரத்துக்குப் பிறகும் தொடர்ந்த நோட்டை மாமாதான் எடுத்து வரச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 2025 ஜூலை, ஆகஸ்ட் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இரண்டு மாதத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குக் கார் தேவைப்பட்டது நான்கு தடவை, நான்கும் சமாளித்தவை. பட்டியலை மடித்து மகனிடம் கொடுத்துவிட்டார்.

இப்போது வேறு ஒரு கேள்வி வந்திருக்கிறது. வாரம் இரண்டு போதாது, அடுத்த மாதம் முதல் மூன்று என்று சிறுநீரக மருத்துவர் சொல்லியிருக்கிறார்: செவ்வாய், வியாழன், சனி. சனிக்கிழமை நானோ கணவரோ போய்விடலாம். வியாழக்கிழமை காலையில் டிரைவர் அண்ணனுக்கு வேறொரு வீட்டில் வேலை இருக்கிறது. அந்த வீட்டாரிடம் நேரம் மாற்றிக் கேட்கிறேன் என்றிருக்கிறார். நேற்று மாலை தொலைபேசியில் பேசியபோது அவர் கேட்டது இது: "அம்மா, துண்டு பழசாகிவிட்டது. புதுசாக ஒன்று, கொஞ்சம் தடிமனாகப் பார்த்து வாங்கி வைக்கிறீர்களா?"